அஞ்சடி நிழலை முகப்பில் ஒட்ட முடியாது

புதிய சமூகக் கட்டடங்களுக்குத் தேவைக் குறிப்பு எழுதும் அதிகாரிகளுக்கும், அவற்றை வரையும் கட்டடக் கலைஞர்களுக்கும், வடிவமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்களுக்கும்

வணக்கம்.

ஒரு பேட்டைக்குப் புதிய சமூகக் கட்டடம் வரப்போகிறது என்றால், தேவைக் குறிப்பில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: உள்ளூர் மரபையும் குடியிருப்பாளர்களின் அடையாளத்தையும் கட்டடம் வெளிப்படுத்த வேண்டும். கார் நிறுத்தங்களுக்கு எண்ணிக்கை உண்டு, கழிவறைகளுக்கு எண்ணிக்கை உண்டு, மண்டபத்துக்குச் சதுர மீட்டர் உண்டு. இந்த வரிக்கு மட்டும் அளவே கிடையாது. அளவு கேட்காத இடத்தில் அலங்காரம்தான் கிடைக்கும். பெரனாக்கான் (சீன, மலாய்க் கலப்பு மரபு) பூவேலை அச்சிட்ட கண்ணாடியும், கோலத்தை லேசரில் வெட்டிய அலுமினியத் தகடும் அப்படித்தான் முகப்புக்கு வந்து சேர்கின்றன.

நாங்கள் கேட்பது இதுதான். அந்த ஒரு வரியை அளவுகளாக உடைத்து, முதல் கோடு வரையும் முன்பே தேவைக் குறிப்பில் எழுதிவிடுங்கள். சிங்கப்பூரின் கட்டட மரபு பெரும்பாலும் குறுக்குவெட்டு வரைபடத்தில் இருக்கிறது. நிழல் எவ்வளவு ஆழம், சாரல் எதுவரை வரும், காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும், செருப்பை எங்கே கழற்றுவது என்பவைதான் அதன் இலக்கணம். எல்லாவற்றுக்கும் எண் கொடுக்க முடியும்.

கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைவழியான அஞ்சடியிலிருந்தே தொடங்கலாம். 1822இல் ராஃபிள்ஸ் நகரமைப்புக்கு இட்ட கட்டளைகளில் ஒன்று, தெருவின் இருபுறமும் கூரை போட்ட, இடைவெளியில்லாத, எப்போதும் திறந்திருக்கும் நடைவழி வேண்டும் என்பது. ஐந்தடி என்றால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். இன்று வரையப்படும் ‘அஞ்சடி’களில் அந்தப் பெயர் தங்குகிறது, விகிதம் தங்குவதில்லை. ஆறு மீட்டர் உயரத் தூண்கள், மூன்று மீட்டர் ஆழ நடைவழி. கணினிப் படத்தில் கம்பீரமாகத்தான் இருக்கும். மழையில் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

செங்குத்திலிருந்து 45 பாகை சாய்ந்து அடிக்கும் மழை, கூரை விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் உள்ளே வரும். 30 பாகை சாய்ந்தால் உயரத்தில் 0.6 மடங்கு வரும். ஆறு மீட்டர் உயர விளிம்புக்கு 30 பாகைச் சாரலே மூன்றரை மீட்டர் உள்ளே வந்துவிடுகிறது. நடைவழியின் ஆழமோ மூன்று மீட்டர். சுவரோரமாக நடப்பவரும் நனைவார். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையிலும் காலையிலும் வரும் சுமத்ரா காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். அதில் மழை 45 பாகைக்கு மேலேயே சாய்ந்துவிடும். பள்ளிக்கும் வேலைக்கும் மக்கள் நடக்கிற நேரமும் அதுதான். ஆகவே எழுத வேண்டிய விதி: நடைவழியின் ஆழம், விளிம்பின் உயரத்துக்குக் குறையக்கூடாது. உயரமான முகப்பு வேண்டுமென்றால் விளிம்பிலிருந்து தகடோ சாய்பட்டைகளோ தொங்கவிட்டு, திறப்பை மூன்று மீட்டருக்கு இறக்குங்கள். பழைய கறுப்பு வெள்ளை பங்களாக்களில் மூங்கில் திரைகள் இந்த வேலையைத்தான் செய்தன.

பழையதை அப்படியே நகலெடுக்கவும் வேண்டாம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கடைவீட்டுக்குக் கடைவீடு அஞ்சடியின் மட்டம் மாறும். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் அந்த ஒற்றைப் படிகள் சுவர்தான். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் தெளிவான அகலம் வேண்டும். தூணும் விளம்பரப் பலகையும் சைக்கிளும் அந்தக் கணக்குக்கு வெளியே இருக்க வேண்டும். வெள்ளத்துக்காகத் தளத்தைச் சாலையைவிட 300 மில்லிமீட்டர் உயர்த்தினால், 1:12 சாய்தளத்துக்கு 3.6 மீட்டர் நீளம் பிடிக்கும். அதையே 1:20 ஆக்கி ஆறு மீட்டர் கொடுத்தால், முன்வாசலில் படி ஒரு பக்கம், சாய்தளம் ஒரு பக்கம் என்று மனிதர்களைப் பிரிக்க வேண்டியதில்லை. பாட்டியும் பேரனும் ஒரே வழியில் ஏறுவார்கள். நடைவழித் தரைக்கு வெளிப்பக்கமாக 1:80 சாய்வு கொடுங்கள். சமதளமாக விட்டால் நீர் தேங்கும், பாசி பிடிக்கும், பிறகு மஞ்சள் எச்சரிக்கைப் பலகை நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகைதான் வடக்கே இருக்கிறோம். ஜூன் மாத நண்பகலில் சூரியன் தலைக்கு நேர்மேலிருந்து வடக்கே 22 பாகையும், டிசம்பரில் தெற்கே 25 பாகையும் சாயும். வடக்கு, தெற்கு முகங்களில் மூன்று மீட்டர் உயரச் சன்னலுக்கு ஒன்றரை மீட்டர் இறவாரம் போதும். மேற்கில் அந்தக் கணக்கு உதவாது. மாலை ஐந்து மணிக்குச் சூரியன் ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் நிற்கும். அதே சன்னலுக்கு அப்போது ஐந்து மீட்டருக்கு மேல் இறவாரம் தேவைப்படும். யாரும் அதைக் கட்டப்போவதில்லை. எனவே மேற்குச் சுவரில் படிக்கட்டு, கழிவறை, சாமான் அறை ஆகியவற்றை வைத்துவிட்டு, கட்டடத்தின் நீளத்தைக் கிழக்கு மேற்காகக் கிடத்துங்கள். நம் பருவக்காற்றுகள் பெரும்பாலும் வடக்கு, வடகிழக்கிலிருந்தும் தெற்கு, தென்கிழக்கிலிருந்தும் வருவதால் வெயிலுக்குச் சொன்ன அதே விடை காற்றுக்கும் பொருந்துகிறது.

கடைவீட்டின் நடுமுற்றம் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் இன்னொரு மரபு. புதிய கட்டடத்தில் அதைக் கண்ணாடியால் மூடுகிறார்கள். மூடியதும் அது முற்றமாக இருப்பதில்லை, செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடாக மாறிவிடுகிறது. சூடு மேலே தேங்கும், அதைக் குளிர்விக்க இயந்திரம் வரும், இயந்திரம் வந்ததும் கீழ்த்தளக் கதவுகள் மூடப்படும். முற்றத்தின் மேல் கூரையைத் தூக்கி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். மேலே வெளியேறும் வழியின் பரப்பு, கீழே நுழையும் வழியின் பரப்புக்குக் குறையக்கூடாது. ஒற்றைச் சாய்பட்டை போட்டால் சூறைக்காற்றில் மழை உள்ளே வரும். இரட்டை மடிப்புப் பட்டைகளும் அவற்றின் அடியில் நீர் வடியும் தட்டும் வேண்டும். பல மாடிகளை இணைக்கும் முற்றம் என்றால் புகை வெளியேற்றத்துக்குத் தீயணைப்பு விதிகள் உண்டு. தீப்பாதுகாப்பு ஆலோசகர் முதல் வாரத்திலேயே மேசையில் இருக்க வேண்டும். தாமதமாக வந்தால் அவர் போடச் சொல்லும் தீத்தடுப்புத் திரைகள் மாடிகளை முற்றத்திலிருந்து பிரித்துவிடும்.

குளிரூட்டி வேண்டவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2019இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் எஸ்டிஇ4 கட்டடம், குளிர்காற்றை வழக்கத்தைவிட அதிக வெப்பநிலையில் விட்டு, மீதியை உட்கூரை மின்விசிறிகளிடம் ஒப்படைத்தது. காற்று மெல்ல அசைந்தாலே உடலுக்கு இரண்டு மூன்று பாகை குறைந்தது போலிருக்கும். மண்டபத்தையும் வகுப்பறைகளையும் இப்படி அமைக்கலாம். ஆனால் விசிறிக்கு உயரம் வேண்டும். உட்கூரை 2.6 மீட்டரில் முடிவான பிறகு விசிறி கேட்பதில் பயனில்லை.

வடிவக் கோலங்களுக்கு நாங்கள் எதிரிகளும் அல்லர். 1965இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் மாநாட்டு மண்டபத்தில் மெங்குவாங் என்னும் தாழையோலைப் பாயின் பின்னலைப் போன்ற மொசைக் வேலைப்பாடு இருக்கிறது. அகன்ற கூரையும் காற்றோடும் திறந்த முன்கூடமும் முதலில் தம் வேலையைச் செய்ததால்தான் அந்தப் பாய் அங்கே பொருந்தியது. கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தின் முகப்பு படிக்கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டது. இரவில் கண்ணாடிக்குப் பின்னால் படிகளும் ஓவியமும் தெரியும். அருங்காட்சியகத்துக்கு அது தகும். தினமும் முதியோர் சீட்டாடவும் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதவும் வரும் கட்டடத்துக்குத் தேவை வேறு.

அந்தத் தேவை என்ன என்று பார்க்க, மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளை நினைத்துப் பாருங்கள். நீண்ட கூடம், நடுவே சுவர் கிடையாது. ஒவ்வொரு முகவருக்கும் ஒரு பெட்டி, ஒரு தாழ்ந்த மேசை, ஒரு பாய். பகலில் வட்டிக்கடை, இரவில் படுக்கை. அறையை அறையாக்கியது தளவாடம்தான். நகரப் புதுப்பிப்பில் அவை இடிந்து போயின. ஆனால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் அதே யோசனை வேறு உருவில் வாழ்கிறது. ஒரு வாரம் மலாய்த் திருமணம், மறுவாரம் சீனர் ஈமச்சடங்கு, நடுவில் சதுரங்கம். பெயரிடப்படாத இடமாக இருப்பதே அதன் பலம். புதிய கட்டடத்தின் தரைத்தளத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது பெயரிடாமல் விடுங்கள் என்பது எங்கள் கருத்து. வெறுமனே விட்டால் மட்டும் போதாது. மழைநீர் புகாத மின்செருகிகள், பந்தலுக்கும் சமையலுக்கும் மும்முனை மின்சார இணைப்பு, குழாய், தரை வடிகால், உத்தரத்தில் துணி கட்டக் கொக்கிகள் ஆகியவை வேண்டும். கொக்கி வைக்க மறந்தால் தோரணம் தீயணைப்புத் தெளிப்பான் குழாயில் கட்டப்படும். அது உடைந்தால் விழா நனையும்.

கிட்டங்கியின் இன்னொரு பாடம் சாமான் அறை. 200 நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கினால் 20 அடுக்குகள். தள்ளுவண்டி திரும்ப இடம் சேர்த்தால் 15 சதுர மீட்டர். மடக்கு மேசைகள், மேடைப் பலகைகள், ஒலிபெருக்கிகள் எல்லாம் சேர்ந்தால் 30 சதுர மீட்டரை நெருங்கும். மண்டபத்தை நோக்கி நேராகத் திறக்கும் 1.8 மீட்டர் இரட்டைக் கதவும் வேண்டும். இது வரைபடத்தில் இல்லாவிட்டால் நாற்காலிகள் எங்கே போகும் என்று கேட்க வேண்டியதில்லை, அவசர வழியில்தான்.

செருப்புக்கும் அதே கதை. நடனம், யோகா, தேவார வகுப்பு, குர்ஆன் வகுப்பு, குழந்தைகள் விளையாட்டறை என்று எதுவானாலும் நம் ஊரில் வாசலில் காலணி கழற்றுவோம். ஒரு சோடிக்கு 30 சென்டிமீட்டர். 40 பேர் வகுப்புக்கு ஐந்தடுக்கு அலமாரி 2.4 மீட்டர் நீளம், 35 சென்டிமீட்டர் ஆழம். அதைச் சுவரில் குடைந்து வையுங்கள், பக்கத்தில் முதியோர் அமர்ந்து கழற்ற ஒரு மீட்டர் இருக்கை போடுங்கள். இல்லாவிட்டால் 80 செருப்புகளும் நடைவழியில் கிடக்கும், தீ ஏற்பட்டால் தடுக்கி விழுவதற்கு.

பரதநாட்டிய அறையைச் சாதாரண பல்நோக்கு அறையாக வரைவது பரவலான பிழை. வெறுங்காலால் தட்டடவு ஆடும் பிள்ளைக்குக் காங்கிரீட்டின் மேல் ஒட்டிய டைல்ஸ் முழங்காலுக்கு எதிரி. ரப்பர் அடிவைத்த மரச்சட்டங்கள், மேலே இரண்டு அடுக்கு ஒட்டுப்பலகை, அதன்மேல் மெருகு என மொத்தம் 100 மில்லிமீட்டர் வரை ஆகும். காங்கிரீட் ஊற்றும்போதே அந்த அறையின் தளத்தை அவ்வளவு தாழ்த்த வேண்டும். பிறகு சேர்த்தால் கதவருகே 100 மில்லிமீட்டர் படி முளைக்கும், சக்கர நாற்காலி நிற்கும். அறைக்குக் கீழே நூலகமோ முதியோர் நிலையமோ வரக்கூடாது. தரைத்தளமே உத்தமம். தவில், நாதஸ்வரம், மலாய் மேளமான கொம்பாங், சிங்க நடன முரசு எல்லாம் திறந்த வெளிக்காகப் பிறந்தவை. அவற்றுக்கான பயிற்சி அறையைக் கார் சரிவுக்கும் இயந்திர அறைக்கும் பக்கத்தில் தள்ளுங்கள். ஒலி தப்புவது பெரும்பாலும் கதவின் அடி இடுக்கிலும் குளிர்காற்றுக் குழாயிலும்தான். சுவரை மட்டும் தடிமனாக்கிவிட்டு, கதவுக்கு அடைப்பு போடாமல் விட்டால் காசுதான் வீண்.

இனி கோலம். அது காலையில் இட்டு, மிதிபட்டு, மறுநாள் மீண்டும் இடப்படுவது. தகட்டில் வெட்டினால் புறாக்களின் இருக்கைதான் ஆகும். அதற்குப் பதிலாக முன்வாசலில் மூன்றுக்கு மூன்று மீட்டர் அளவில், மாவு வெள்ளையாகத் தெரியும்படி கருமையான, நீர் உறிஞ்சாத, ஆனால் வழுக்காத தரை கொடுங்கள். மேலே கூரை, பக்கத்தில் குழாய், வடிகாலில் அரிசி மாவு அடைக்காதபடி கழற்றிக் கழுவும் வடிகூடை. அதேபோல் பொங்கல் பானைக்கு வானம் பார்த்த இடம் வேண்டும். கூரைக்கடியில் அடுப்பு மூட்டினால் புகை உணரி அலறும். மெருகிட்ட கருங்கல் தரையில் மூட்டினால் கல் வெடிக்கும். நான்கு சதுர மீட்டர் மணற்படுகை, அதன்மேல் எடுத்து அடுக்கும் செங்கல், அருகே தண்ணீர், தாழ்ந்த கிளை இல்லாத சுற்றம். பொங்கலுக்கு மட்டுமா அது? சீனர்களின் ஏழாம் மாதத்தில் காகிதம் எரிக்கும் கொள்கலனும், மலாய் விருந்தான கெண்டூரிக்குப் பெரிய சட்டியும் அதே இடத்தில் நிற்கலாம். சமையலறையைப் பொறுத்தவரை, நிரந்தரச் சமையலறையைவிட உணவு பரிமாறும் இடம் நல்லது. தனித்தனியாக இரண்டு தொட்டிகள், இரண்டு மேடைகள், கொழுப்பு பிரிப்பான். ஹலால், சைவம் இரண்டையும் ஒரே தொட்டியில் கழுவச் சொன்னால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள், வெளியிலேயே வாங்கி வருவார்கள்.

கட்டட வளாகத்தில் பாதுகாக்கப்பட்ட கடைவீடு ஏதும் சேர்ந்தால் ஒரு எச்சரிக்கை. 1856 முதல் 1861 வரை இந்தியக் கைதிகள் கட்டிய செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் பூசியது மதராஸ் சுண்ணம். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர். நம்மவர் இந்த ஊருக்குக் கோபுரத்தை மட்டுமா கொண்டு வந்தார்கள்? சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் சிமெண்டும் அக்ரிலிக் வண்ணமும் பூசினால் மூச்சு அடைபடும், அடியிலிருந்து ஒரு மீட்டர் வரை உப்புப் பூத்துக் கொப்புளம் கொப்புளமாக உரியும். மீண்டும் மீண்டும் வண்ணம் அடிப்பது மருந்தாகாது. பழைய பூச்சை உரித்து, சுண்ணாம்பையே மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பின், பூச வேண்டும்.

பராமரிப்பவரைக் கேட்காமல் அலங்காரத் திரை போடாதீர்கள். 20 ஆண்டு கடந்த, 13 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கட்டடங்களின் முகப்பை ஏழாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது விதி. ஆயிரம் சிறு தகடுகள் தொங்கினால் நாலாயிரம் திருகுகளைப் பார்க்க வேண்டும். தகட்டின் மடிப்பில் நீர் தேங்கினால் ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசு தயார்.

மக்களைக் கலந்தாலோசிப்பதை ஒரு மாலைக் கூட்டமாகச் சுருக்காதீர்கள். காலை ஆறு, நண்பகல், மாலை ஐந்து, இரவு ஒன்பது என நான்கு நேரங்களில், வார நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தப் பேட்டையில் நின்று எண்ணுங்கள். ஞாயிறன்று அங்கே கூடும் வெளிநாட்டு ஊழியர்கள் முகவரிப் பட்டியலில் இருக்க மாட்டார்கள், ஆனால் நிழலைப் பயன்படுத்துவார்கள். துப்புரவாளரிடமும் கேளுங்கள். கீழ்த்தளத் தரையில் ஒட்டுநாடாவால் அறையை உண்மை அளவில் வரைந்து, நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கணினிப் படத்துக்கு எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒட்டுநாடாவுக்குள் நின்றால்தான் ‘இடம் போதாதே’ என்பார்கள். எந்தக் கோரிக்கை ஏன் ஏற்கப்படவில்லை என்பதையும் எழுதி ஒட்டுங்கள். இவை அனைத்தும் ஏலக்குத்தகைக்கு முன்.

தமிழ்ப் பெயர்ப்பலகை பற்றியும் ஒரு சொல். ‘முதியோர் நடவடிக்கை நிலையம்’ எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பாருங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த பலகையில் தமிழ் எறும்பாகிவிடும். மேலே புள்ளியும் இகரக் குறியும் கீழே உகரச் சுழியும் இருப்பதால் வரி இடைவெளியும் கூட வேண்டும். சரிபார்த்த எழுத்தை யாரும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாதபடி, படம்போல் மாறாத கோட்டுருவமாகவே பட்டறைக்கு அனுப்புங்கள். பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்புகள் இடம் மாறும். தகடு வெட்டும் முன் கடைசி வரைபடத்தைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

இந்த அளவுகளை ஒரு பக்க இணைப்பாக அடுத்த தேவைக் குறிப்போடு சேருங்கள். எங்கள் எண்களை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. டிசம்பரில் ஒரு மழை மாலை, ஒரு சாக்குக்கட்டியும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு சிராங்கூன் சாலையின் பழைய அஞ்சடி ஒன்றிலும், அண்மையில் எழும்பிய ஒரு கட்டடத்தின் முன்வாசலிலும் நில்லுங்கள். நனைந்த தரை முடியும் இடத்தில் கோடு போட்டு அளந்து, அந்த எண்ணை எழுதுங்கள்.

இப்படிக்கு,
கட்டட வடிவமைப்பு, பொறியியல், பராமரிப்புத் துறைகளில் பணிபுரியும் சிங்கப்பூர்த் தமிழர்கள் சிலர்